ஸ்டீல் வீலுக்கு வீட்டிலேயே பெயின்ட்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

ஸ்டீல் வீலுக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே அடித்தால் எத்தனை நாள் தாங்கும் என்று யாராவது கேட்டால், பஞ்சர் எங்கே ஒட்டுகிறீர்கள், வண்டியை எங்கே கழுவுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். அடித்து மூன்று வருடம் ஆகப்போகிறது. ஓடி ஓடிக் கெட்டதைவிட அடுத்தவர் கைபட்டுக் கெட்டதுதான் என் வண்டியில் அதிகம்.

வண்டி பழைய வேகன்ஆர், 13 அங்குல வீல். ஓடுவது கிருஷ்ணகிரியிலும் சுற்றுவட்டாரத்திலும். ராயக்கோட்டை பக்கம் கிளை ரோட்டில் இறங்கினால் செம்மண் புழுதி. கிரானைட் ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டினால் பொடிக்கல் தெறிக்கும். அவ்வப்போது சேலம் போவதால் தொப்பூர் கணவாய் இறக்கமும் உண்டு. ஒரு பெயின்டைச் சோதித்துப் பார்க்க இந்த மாவட்டமே போதும்.

வேகத்தடைகளில் வீல் கப் ஒவ்வொன்றாகக் கழன்று போனதில், அதுவரை மறைந்திருந்த துரு வெளியே தெரிய ஆரம்பித்தது. புது கப் வாங்கலாம், அதுவும் ஒருநாள் விழும். இந்த வண்டிக்கு அலாய் போட மனம் வரவில்லை. ஓசூரில் பவுடர் கோட்டிங் விசாரித்தேன். அங்கே தொழிற்சாலை வேலை செய்து பழகிய பட்டறைகள் நிறைய இருப்பதால் தரத்தில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு டயரைக் கழற்றியாக வேண்டும். மணல் பீய்ச்சிப் பழைய பூச்சை எடுத்துவிட்டு, பவுடரைத் தூவி, 180 முதல் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வைத்து எடுப்பார்கள். டயர் கழற்றி மாட்டுவது, பேலன்சிங் எல்லாம் தனிச் செலவு. அப்போது டயர் பாதிகூடத் தேயவில்லை. அதனால் டயரோடு வைத்தே வீட்டில் அடிப்பது என்று முடிவாயிற்று. மொத்தச் செலவு 3,000 ரூபாயைத் தாண்டவில்லை, அதில் பாதி கிளியர் கோட்டுக்கும் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமில்லாத காப்புப் பூச்சு) மாஸ்க்குக்கும் போனது.

எந்த மாதத்தில் அடிப்பது என்பதை யாரும் பேசுவதில்லை, நம் பக்கத்தில் அது முக்கியம். ஆடிக் காற்றில் வெளியில் வைத்து அடித்தால் பாதி பெயின்ட் பக்கத்து வீட்டுச் சுவருக்கு, பாதிப் புழுதி நம் வீலுக்கு. ஐப்பசி மழையில் காற்றின் ஈரம் சேர்ந்து மேல்பூச்சு பால் படிந்தாற்போல் வெளுத்துவிடும். தை, மாசியில் வானிலை சரியாக இருக்கும், ஆனால் மாமரத்தடியில் மட்டும் உட்காரக் கூடாது. பூப் பிடிக்கும் காலத்தில் தத்துப்பூச்சி ஒருவிதப் பிசினைக் கழித்துக்கொண்டே இருக்கும். மரத்தடியில் கார் நிறுத்துகிற எவருக்கும் அந்தப் பிசுபிசுப்பு தெரியும். ஈரப் பெயின்டில் அது விழுந்தால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான். நான் மாசியில், காலை வெயில் ஏறுவதற்கு முன், கொட்டகைக்குள் அடித்தேன். உச்சி வெயிலில் சுட்ட இரும்பில் அடித்தால் பெயின்ட் போய் உட்காருவதற்குள் காய்ந்து, மேற்பரப்பு சொரசொரவென்று நிற்கும்.

பூசுவது அரைநாள் வேலைகூட இல்லை. தேய்ப்பதில்தான் முதுகு போகும். கம்பெனியிலிருந்து வரும் ஸ்டீல் வீலில் கறுப்பாக இருக்கும் அடிப்பூச்சு, மின்சாரம் பாய்ச்சி முக்கி எடுத்து அடுப்பில் சுட்டது. ரிம்மும் நடுத்தட்டும் வெல்டிங்கில் சேருகிற இடுக்குக்குள்ளும் அது புகுந்திருக்கும். எந்த ஸ்ப்ரே டப்பாவும் அந்தப் பிடிப்பைத் தராது. ஆகவே நன்றாக இருக்கிற இடத்தில் இரும்பு தெரிகிற அளவுக்குச் சுரண்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகிற அளவுக்குத் தேய்த்தால் போதும். துரு பிடித்த இடத்தை மட்டும் கம்பி பிரஷ்ஷும் 80 நம்பர் தாளும் கொண்டு இரும்பு வரை எடுக்க வேண்டும். என் வீல்களில் துரு இருந்த இடங்கள் மூன்று: வெல்டிங் இடுக்கு, காற்றுத் துளைகளின் விளிம்பு, சக்கரம் அதிராமல் சுழல ரிம் விளிம்பில் மாட்டியிருக்கும் பேலன்சிங் கட்டைகளுக்கு அடியில். கட்டைக்கு அடியில் தேங்கும் ஈரம் காய்வதே இல்லை. நான் கட்டைகளைக் கழற்றித் தேய்த்துவிட்டு, வேலை முடிந்ததும் பேலன்சிங் செய்துகொண்டேன்.

தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும், பின்னால் அல்ல. கிரீசும் பிரேக் தூசியும் இருக்கும்போதே தாளைப் போட்டால் அழுக்கை இரும்புக்குள் தேய்த்து ஏற்றியதாகிவிடும். பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, தேய்த்து, கடைசியாகத் தின்னர் நனைத்த துணியால் ஒரு துடை. அதற்குப் பிறகு வெறும் கை படக் கூடாது.

ஹார்டுவேர் கடையில் பிரைமர் கேட்டால் ரெட் ஆக்சைடைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வீட்டு இரும்புக் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அது நல்ல சரக்கு. ஆனால் மெதுவாகக் காயும். உள்ளே முழுதாகக் காயாத ரெட் ஆக்சைடு மேல் ஸ்ப்ரே அடித்தால், ஸ்ப்ரேயில் இருக்கும் தின்னர் அதைக் கிளப்பிச் சுருக்கம் சுருக்கமாக்கிவிடும். கார் பெயின்ட் விற்கிற கடையில் இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்ஸி பிரைமர் சிறிய டப்பாவில் கிடைக்கிறது. இரும்பு தெரிந்த இடங்களில் அதைப் பிரஷ்ஷால் வைத்து, ஒருநாள் விட்டு, லேசாகத் தேய்த்து, அதன் மேல் சாதாரண ஸ்ப்ரே பிரைமர் அடித்தேன். வீல் சூடாகுமே என்று சைலன்சருக்கு அடிக்கும் ஹீட் பெயின்டை வாங்கச் சொல்பவர்களும் உண்டு. அந்தப் பெயின்ட் முழுதாக இறுகுவதற்கே பெரிய சூடு வேண்டும். வீல் அவ்வளவு சூட்டை எட்டாது, கடைசிவரை நகம் பட்டால் கீறுகிற பதத்திலேயே இருக்கும்.

டயரை மறைக்கப் பேப்பர், டேப் என்று போராட வேண்டாம். வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை விரல் நீளத்துக்கு வெட்டி, ரிம் விளிம்புக்கும் டயருக்கும் நடுவே வரிசையாகச் செருகிவிட்டால் விளிம்பு வரை சுத்தமாக அடிக்கலாம். முகூர்த்த மாதம் என்றால் அட்டைக்குப் பஞ்சமே இல்லை.

நட் உட்காரும் சரிவான குழியிலும், வீலின் பின்பக்கம் ஹப்போடு (வீலை மாட்டுகிற அச்சுத் தட்டு) ஒட்டுகிற தட்டையான இடத்திலும் பெயின்ட் படவே கூடாது. இதை அழகுக்காகச் சொல்லவில்லை. அங்கே கனமாகப் பெயின்ட் இருந்தால், ஓட ஓட அது நசுங்கி நட்டின் இறுக்கம் தளரும். நான் குழிகளில் பழைய நட்டுகளை வைத்து, ஹப் பக்கம் டேப் ஒட்டி அடித்தேன். மாட்டும்போது நேரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கி, சேலம் போய்வந்த பிறகு ஸ்பேனர் போட்டு மறுபடி சரிபார்த்தேன். புதுப் பெயின்ட் அடித்த வீலுக்கு இந்த இரண்டாம் இறுக்கம் கட்டாயம்.

நிறம் அடர் சாம்பல், பாதிப் பளபளப்பு. கறுப்பு வேண்டாம் என்றதற்குக் காரணம் நம் போர் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரின் கதை தெரிந்ததே, புளோரைடு அதிகம் என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த ஊர்கள். உப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் விட்ட கறுப்பு வீலில் வெள்ளைப் புள்ளிகள் அப்படியே நிற்கும். சாம்பலில் கண்ணுக்குத் தெரியாது, செம்மண்ணும் அவ்வளவாக எடுபடாது.

கிளியர் கோட்டில் இரண்டு வகை பார்த்தேன். ஒன்று 2கே, அதாவது பூச்சை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கலந்து அடிக்கும் இரண்டு பாக வகை. அந்த டப்பாவின் அடியில் ஒரு ஊசி இருக்கும். அதை அழுத்தி உள்ளே இருக்கும் ஹார்ட்னர் குப்பியை உடைத்துவிட்டால் அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது, மிச்சம் வைத்தால் உள்ளேயே இறுகிவிடும். ஒரு டப்பா இரண்டு வீலுக்குத்தான் வந்தது, முன் வீல்களுக்கு அடித்தேன். பின் வீல்களுக்கு ஹார்ட்னர் இல்லாத சாதாரணக் கிளியர். 2கே அடிக்கும்போது துணி மாஸ்க் உதவாது. அதில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடிய சரக்கு. கரி வடிகட்டி வைத்த மாஸ்க்கும் கையுறையும் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

இப்போது நிலவரம். முதல் வருடம் நான்கு வீலும் ஒன்றுபோலத்தான் இருந்தன. தொப்பூர் இறக்கத்தில் பிரேக் சூட்டுக்கு எதுவும் உப்பவில்லை. கல் தெறித்த இடங்களில் கடுகளவு பொட்டுகள், அவ்வளவுதான். அப்புறம் டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. சாதாரணக் கிளியர் அடித்த ஜோடி முன்னால் வந்தது. முன்பக்கம் டிஸ்க் பிரேக், அதிலிருந்து வரும் இரும்புத் தூள் சூட்டோடு வந்து ஒட்டும். சில மாதங்களில் அந்த ஜோடியில் பழுப்புப் புள்ளிகள் பதிந்துவிட்டன, சோப்புக்கு அசையவில்லை. 2கே ஜோடி முன்னால் இருந்தபோது அதே தூசி ஈரத்துணிக்கே வந்தது. பின்பக்கம் டிரம் பிரேக் என்பதால் அங்கே எது அடித்தாலும் பிழைக்கும்.

வாட்டர் சர்வீசில் டீசல் அடித்துக் கழுவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சாதாரணக் கிளியரின் பளபளப்பு அப்படியொரு கழுவலில்தான் போனது. பிரேக் வேலையின்போது ஒரு பட்டறையில் பிரேக் ஆயில் சிந்தி, துடைக்காமல் விட்டதில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் வெங்காயத் தோலாக உரிந்து வந்தது. அதுவும் சாதாரணக் கிளியர் வீல்தான். சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம் பஞ்சர் கடை. டியூப்லெஸ் டயருக்கு வெளியிலிருந்து திரி வைத்தால் ஒன்றும் ஆகாது. டயரைக் கழற்ற வேண்டி வந்தபோது, “அண்ணா, ரிம்முல கீறல் விழாம பாத்துக்குங்க” என்று சொல்லித்தான் கொடுத்தேன். “இரும்பு ரிம்முதானே சார், இதுல என்ன இருக்கு” என்று லிவரைப் போட்டு நெம்பினார். அவர் பார்வையில் நியாயம்தான், அலாய்க்குக் கொடுக்கிற மரியாதையை இரும்புக்கு யார் கொடுப்பார்கள்? விளிம்பில் விரல் நீளத்துக்கு நான்கைந்து இடத்தில் இரும்பு தெரிந்தது. கையில் மிச்சமிருந்த எபாக்ஸி பிரைமரை அன்றைக்கே பிரஷ்ஷால் வைத்தேன், துரு ஏறவில்லை. தள்ளிப்போட்டிருந்தால் டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் துரு போய்க் காற்று கசியத் தொடங்கியிருக்கும். இப்போது கழற்ற வேண்டுமென்றால் மெஷின் இருக்கிற கடைக்கு மட்டுமே கொடுக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு வீலில் வைக்கிற சந்தனமும் குங்குமமும்கூடக் கணக்கில் உண்டு. பாதிப் பளபளப்புப் பூச்சில் குங்குமம் ஊறிச் சிவப்பு நிழல் தங்குகிறது. அம்மா இப்போது டயர் ரப்பரில் வைக்கிறார், இருவருக்கும் சம்மதம்.

திரும்ப அடிப்பதாக இருந்தால் நான்குக்கும் 2கே மட்டும்தான். பின் வீலில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய், டயர் இடம் மாறியதும் வீணாகிவிட்டது. டயர் இன்னும் ஒரு வருடம் வரலாம். மாற்றும்போது எப்படியும் ரிம் தனியாக வரும், அன்றைக்கு அவற்றை ஓசூர் பவுடர் கோட்டிங்குக்குக் கொண்டுபோய்விடுவேன். ஸ்டெப்னிக்கு இதுவரை எதுவும் அடிக்கவில்லை, அடிக்கப் போவதுமில்லை.