மீண்டும் படிக்கப் போகிறீர்களா? நான்கு வகை லேப்டாப்புகளின் ஒப்பீடு

பல வருட இடைவெளிக்குப் பிறகு படிக்க வருகிறவருக்கும் பள்ளி முடித்த கையோடு கல்லூரிக்குப் போகிறவருக்கும் ஒரே லேப்டாப் பொருந்தாது. மெஷின் மக்கர் பண்ணினால் இளையவர் நண்பருடையதை வாங்கி ஒப்பேற்றிவிடுவார். வேலையும் வீடும் முடிந்து இரவில் ஒன்றரை மணி நேரம் மட்டும் படிக்கக் கிடைப்பவருக்கு, அதில் அரை மணி நேரம் அப்டேட்டில் கரைந்தால் அன்றைய பாடம் போச்சு. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு எழுத்தும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். வேகப் பட்டியலைவிட இந்த இரண்டும்தான் இங்கே முக்கியம்.

பெரும்பாலானவர்கள் யோசிப்பது நான்கு வழிகளை: புதிய மலிவு விண்டோஸ் லேப்டாப், அலுவலகங்களில் சில வருடம் ஓடி, சரிபார்த்துச் சீரமைக்கப்பட்டு (ரீஃபர்பிஷ்டாக) விற்பனைக்கு வரும் பிசினஸ் லேப்டாப், ஆப்பிளின் மேக்புக் ஏர், கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக். ஐபேடும் கீபோர்டும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிடிஎஃப்பில் கோடு போட்டுப் படிக்க அருமையான சாதனம். அடிக்குறிப்புகளோடு எண்பது பக்க ஆய்வேட்டை அதில் எழுதி முடிக்க மிகுந்த பொறுமை வேண்டும். இரண்டாவது சாதனமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பாடத்திட்டம்

எந்தக் கடைக்கும் போகும் முன் படிப்புத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி இரண்டு கேள்விகள் கேளுங்கள். எந்த மென்பொருள்கள் கட்டாயம்? ஆன்லைன் தேர்வு எந்த மென்பொருளில் நடக்கும்? எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

சாலிட்வொர்க்ஸ், ரெவிட், ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ, பவர் பிஐ டெஸ்க்டாப், மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஆகியவை விண்டோஸுக்கு மட்டுமே. பட்டியலில் இவற்றில் ஒன்று இருந்தாலும் மேக்கும் குரோம்புக்கும் போட்டியிலிருந்து விலகிவிடும். எஸ்பிஎஸ்எஸ், ஸ்டேட்டா, மேட்லேப், ஆர், பைத்தான் எல்லாம் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். எக்செல் இரண்டிலும் உண்டு. ஆனால் மேக் எக்செலில், பெரிய தரவு அட்டவணைகளை இணைத்து அலசும் பவர் பிவட் வசதி கிடையாது. நிதி, கணக்கியல் படிக்கிறவர்கள் இதைப் பாதிப் பருவத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

தேர்வு மென்பொருள் இன்னும் கறாரானது. தேர்வின்போது வேறு எதையும் திறக்க விடாமல் கணினியைப் பூட்டும், பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸ், மேக், ஐபேட் ஆகியவற்றுக்கு இருக்கிறது, குரோம்புக்குக்கு இல்லை. 'மேக்கிலேயே பேரலல்ஸ் போட்டு விண்டோஸ் ஓட்டிக்கொள்ளலாம்' என்ற யோசனை வீட்டுப்பாடத்துக்குச் சரி. தேர்வு அன்று அது கைகொடுக்காது: இந்த வகை மென்பொருள்கள், பேரலல்ஸ் உருவாக்குவதுபோல ஒரு கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினியைக் கண்டால் திறக்கவே மறுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும்.

புதிய மலிவு லேப்டாப்: பெட்டி புதிது, உள்ளே?

நான்கில் கடைசி இடம் இதற்குத்தான். வாரண்டி இருக்கிறது, பேட்டரி புதிது, நன்மைகள் அவ்வளவே. விலையைக் குறைக்க எங்கெல்லாம் கைவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பெயரிலேயே ஏமாறலாம். ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ என்ற பிராசசர் பெயரைப் பார்த்தால் 5500யூ-வைவிடப் புதியது, வேகமானது என்று தோன்றும். 7000 வரிசையில் உள்ளே என்ன தலைமுறை என்பதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520-இல் அது 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2 கட்டமைப்பு, கோர்கள் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் அலகுகள்) 4. பழைய 5500யூ-வும் ஜென் 2-தான், ஆனால் கோர்கள் 6. மூன்றாவது இலக்கம் 3 ஆக இருக்கும் 7530யூ என்றால் ஜென் 3, 6 கோர். ஒரே ஓர் இலக்கம் மாறியதில் மெஷினே வேறாகிவிட்டது. இன்டெலில் என்100, என்200 என்று இருந்தால் நான்கு சிறு கோர்கள் மட்டுமே. டைப் செய்யவும் வகுப்பு பார்க்கவும் ஓடும். வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்தபடி பெரிய எக்செல் கோப்பைத் திறந்தால் திணறும்.

அடுத்தது ரேம். இந்த விலையில் பெரும்பாலும் 8 ஜிபி, அதுவும் கழற்றி மாற்ற முடியாதபடி போர்டிலேயே சால்டர் செய்தது (பற்றவைத்தது). விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே 3 முதல் 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் பதினைந்து டேப், ஒரு வீடியோ வகுப்பு, வேர்டு, இரண்டு பிடிஎஃப் என்று திறந்தால் 8 நிரம்பிவிடும். அதன்பின் எஸ்எஸ்டியின் ஒரு பகுதியை நினைவகம்போல் பயன்படுத்தத் தொடங்கும். டேப் மாற்றும்போது ஒன்றிரண்டு நொடி உறைந்து நிற்பது அதனால்தான். பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்றால் ஸ்லாட் வேண்டும். 'அப்கிரேடு செய்யலாமா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'ரேம் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை காலி' என்று கேளுங்கள்.

சேமிப்பு 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட வேகம் குறைந்த, மலிவான வகை) என்றால் தொடவே வேண்டாம். பெரிய விண்டோஸ் அப்டேட் வரும்போது 64 ஜிபியில் இடம் போதாமல் பாதியில் நின்று, மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். என்விஎம்இ எஸ்எஸ்டி 256 ஜிபி குறைந்தபட்சம். வகுப்பு வீடியோக்களை இறக்கி வைப்பவருக்கு 512. பெட்டியில் 'எஸ் மோட்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். ஸ்டோர் செயலிகளை மட்டும் அனுமதிக்கும் அந்தக் கட்டுப்பாட்டை இலவசமாக நீக்கிக்கொள்ளலாம். நீக்கிய பின் திரும்ப முடியாது, திரும்ப வேண்டிய தேவையும் வராது.

பழைய பிசினஸ் லேப்டாப்

அதே பணத்துக்குக் கிடைப்பது, புதிதாக இருந்தபோது பல மடங்கு விலை போன திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக். கீல்கள் உறுதி, கீபோர்டு நீண்ட நேரம் தட்டச்சு செய்ய ஏற்றது, உதிரி பாகங்கள் கிடைக்கும். பழுது பார்ப்பவருக்கும் பழகிய உடம்பு.

ஒரு கோட்டை மட்டும் தாண்டக் கூடாது: விண்டோஸ் 11. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், பிராசசர் இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ, ஏஎம்டி லேப்டாப் என்றால் பொதுவாக ரைசன் 3000 வரிசையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ஐ5-7200யூ வேண்டாம், ஐ5-8250யூ சரி. மாடல் பெயரை நம்பாமல் பிராசசர் எண்ணையே கேளுங்கள். ஒரே மாடலில் இரண்டு தலைமுறைகளும் விற்றிருக்கிறார்கள். கோட்டைத் தாண்டிய பழைய மெஷின்களிலும் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் நிறுவித் தருவார்கள். அப்டேட் எப்போது நிற்கும் என்ற கவலையோடு படிக்க வேண்டியிருக்கும்.

திங்க்பேட் டி480-இல் ரேம் ஸ்லாட் இரண்டு. 8 ஜிபியோடு வாங்கி, இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 சோடிம் (லேப்டாப் ரேம் பலகை) பின்னால் போட்டுக்கொள்ளலாம். டி14 முதல் தலைமுறையில் ஒன்று போர்டில் சால்டர் செய்தது, ஒன்றே ஸ்லாட். எக்ஸ்1 கார்பன்போல மெலிந்தவற்றில் முழுவதும் சால்டர். 16 ஜிபியாகவே வாங்க வேண்டும்.

இவற்றில் கெட்டுப்போவது பெரும்பாலும் பேட்டரி. சார்ஜ் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதில் பயன் இல்லை. முழு சார்ஜில் எவ்வளவு கொள்கிறது என்பதே கணக்கு. கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு, சாய்கோட்டுக்குப் பின் பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் அறிக்கைக் கோப்பு வரும். அதில் வடிவமைப்புக் கொள்ளளவு 50,000 என்றும் தற்போதைய முழுக் கொள்ளளவு 31,000 என்றும் இருந்தால் மிச்சம் 62 சதவீதம், அதாவது 31 வாட்-ஹவர். படிப்பதற்கும் எழுதுவதற்கும் சராசரியாக 7 வாட் போகும் என்று வைத்தால் சுமார் நான்கரை மணி நேரம் வரும். 60 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதிய பேட்டரியின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

அடுத்த பொறி டிஸ்ப்ளே. ஒரே மாடலை 1366க்கு 768 பிக்சல் டிஎன் பேனலோடும் (பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மங்கும் வகை) விற்றிருப்பார்கள், 1920க்கு 1080 ஐபிஎஸ்ஸோடும் (எந்தக் கோணத்திலும் தெளிவான வகை) விற்றிருப்பார்கள். விளம்பரத்தில் மாடல் பெயர் மட்டும் இருந்தால் முதலாவதுதான் வரும் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

2017 முதல் 2019 வரையிலான சில திங்க்பேடுகளில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் குறையால் யூஎஸ்பி-சி போர்ட் செத்துப்போனதுண்டு. லெனோவோ அதற்கு அப்டேட் வெளியிட்டது. டி480-க்கு சார்ஜ் ஏறுவதே யூஎஸ்பி-சி வழியாகத்தான் என்பதால், இரண்டு போர்ட்டிலும் மாற்றி மாற்றி சார்ஜரைச் செருகிப் பாருங்கள். பழைய நிறுவனத்தின் பூட்டும் இருக்கலாம். விண்டோஸை ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து முதல்முறை தொடங்கும்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் உள்நுழையச் சொன்னால், அது இன்னும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸுக்கு முன்பே, கணினியைத் தொடக்கும் பயாஸ் பாஸ்வேர்டு கேட்டாலும் அப்படியே.

மேக்புக் ஏர்

விண்டோஸ் கட்டாயம் இல்லை, பணமும் இடம் கொடுக்கிறது என்றால், குறைந்த தொந்தரவு இதில்தான். ஃபேன் கிடையாது, நூலகத்தில் சத்தம் வராது. நாள் முழுக்க வகுப்புக்குச் சார்ஜர் இல்லாமலே போய் வரலாம். எடை, ஆப்பிளின் எம்1 சிப் உள்ள ஏரில் 1.29 கிலோ, 13 அங்குல எம்2 ஏரில் 1.24.

சிக்கல், வாங்கிய பிறகு எதையும் மாற்ற முடியாது என்பதில். ரேமும் எஸ்எஸ்டியும் போர்டோடு சேர்ந்தவை. 2024 அக்டோபரில்தான் ஆப்பிள் ஏரின் அடிப்படை ரேமை 16 ஜிபியாக்கியது. அதற்கு முந்தைய செகண்ட்ஹேண்ட் ஏர்களில் பெரும்பாலானவை 8. கட்டுரை எழுதும் படிப்புக்கு 8 ஜிபி எம்1 இன்னும் தாங்கும். தரவுப் பகுப்பாய்வு என்றால் 16-க்குக் கீழே போக வேண்டாம். வெளி மானிட்டர் எம்1, எம்2-இல் ஒன்றுதான். எம்3-இல் மூடியை மூடினால் இரண்டு. எம்4-இல் மூடி திறந்திருந்தாலும் இரண்டு. ஹெச்டிஎம்ஐ போர்ட் இல்லை, ஹப் வாங்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் இன்டெல் மேக்புக்குகளை விட்டுவிடுங்கள். 2025-இல் வந்த டஹோ என்ற மேக்ஓஎஸ் பதிப்புக்குப் பின் இன்டெல் மேக்குக்குப் புதிய மேக்ஓஎஸ் இல்லை என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. 2016 முதல் 2019 வரையிலான பலவற்றில் பட்டர்ஃப்ளை கீபோர்டு. தூசி புகுந்தால் எழுத்து இரண்டு முறை விழும் அல்லது விழவே விழாது. கீபோர்டில் காபி கொட்டினாலும் மேக்கில் கதை முடிந்த மாதிரிதான். டி வரிசை திங்க்பேடின் கீபோர்டில் திரவம் வடிய வழி வைத்திருக்கிறார்கள்.

குரோம்புக், ஸ்னாப்டிராகன்

படிப்பு முழுக்க பிரவுசரில், கூகுள் டாக்ஸில், தேர்வும் நேரில் எழுதுவது என்றால் குரோம்புக் போதும்; பத்து நொடியில் எழுந்துகொள்ளும், அப்டேட் என்று உட்கார வைக்காது. பத்து வருட அப்டேட் என்பதை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் தளம் முதலில் வெளிவந்த தேதியிலிருந்து பத்து வருடம். கடைசித் தேதி செட்டிங்ஸிலேயே இருக்கும், பார்த்துவிட்டு வாங்கவும்.

2024 முதல் வரும், இன்டெல், ஏஎம்டிக்குப் பதில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்புகளின் பேட்டரி மேக்கோடு போட்டி போடும். பழைய பிரிண்டர் டிரைவர், சில விபிஎன், சில தேர்வு மென்பொருள்கள் அவற்றில் ஓடாமல் போகலாம். துறையிடமிருந்து எழுத்துப்பூர்வமான பதில் வராமல் வாங்குவது சூதாட்டம்.

கண்ணுக்கு எவ்வளவு இடம்?

13 அங்குலத்தில் 1920க்கு 1080 என்றால் தாளில் அழகு. எழுத்து சிறிதாக இருக்கிறதே என்று ஸ்கேலிங்கை (திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கும் அமைப்பை) 150 சதவீதம் ஆக்கினால், வேலை செய்யக் கிடைக்கும் இடம் 1280க்கு 720 மட்டும். இடப்பக்கம் பிடிஎஃப், வலப்பக்கம் வேர்டு என்று பிரித்தால் ஆளுக்கு 640. வேர்டின் ரிப்பனே உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். 16க்கு 10 விகிதத் திரையில் (1920க்கு 1200) அதே ஸ்கேலிங்கில் உயரம் 800 ஆகும். சுமார் நான்கு வரி கூடுதல். 1366க்கு 768 திரையில் 125 சதவீதம் வைத்தாலே உயரம் 614தான் மிஞ்சும். வீட்டு மேசையில் படிப்பவர் என்றால், லேப்டாப்பில் மிச்சம் பிடித்து 24 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்குவது கண்ணுக்கும் கழுத்துக்கும் புண்ணியம். திரையின் வெளிச்சம் 250 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்றால் ஜன்னலோரம் கஷ்டம். 300-க்கு மேல் பாருங்கள்.

வாங்கியபின் திருப்பிக்கொடுக்கும் கெடு முடியும்வரை பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். அந்த நாட்களுக்குள் கீபோர்டின் எல்லா எழுத்தையும் அடித்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் இருந்து பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், மூடியைத் திறந்து மூடிக் கீல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகம் மாதிரித் தேர்வு வைத்திருந்தால் தேர்வு மென்பொருளை நிறுவி அதை ஒருமுறை எழுதுங்கள். கேமராவும் மைக்கும் அனுமதி கேட்டு முரண்டு பிடிப்பது அப்போதுதான் தெரியும்.