ஆர்மோனியத்துக்குக் குழாய், ஆர்கனுக்கு ஆம்ப்

கணினிக்குள் இருக்கும் வாத்தியத்தை வெளியே இழுத்து, ஒரு ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, அதன் முன் மைக் வைத்து மறுபடியும் கணினிக்குள்ளேயே அனுப்புவது வேலையற்றவன் செய்யும் வேலை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். மைக் வேண்டாம், அறை வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரின் முகச்சுளிப்பு வேண்டாம் என்பதற்காகத்தானே மென்பொருள் வாத்தியத்தையே வாங்குகிறோம்? தருமபுரியில், பென்னாகரம் சாலையை ஒட்டிய வீட்டின் பத்துக்குப் பத்து மாடியறையில் பதிவு செய்கிறவனுக்கு அது சிறிய வசதி அல்ல.

ஒரு பாட்டுக்கு ஆர்மோனியம் தேவைப்பட்டபோது எண்ணம் மாறியது. பாரதக் கூத்தின் சாயல் கொண்ட பாட்டு. என்னிடம் இருந்த ஆர்மோனியம் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே பதிவு செய்து உருவாக்கிய நல்ல மென்பொருள்தான். ஆனால் கேட்டால், அப்போதுதான் பினாயில் போட்டுத் துடைத்த தரையைப் போல இருந்தது. அதை ஒரு ஸ்பீக்கர் வழியாக வந்த ஒலியாக மாற்ற, அதன் பிறகு ஒரு மாதம் மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

முதல் வழி, ஆம்ப்ளிஃபயரையும் மென்பொருளாகவே வைத்துக்கொள்வது. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வேலை நடக்கிறது. நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைத் தனிக் கோப்பாகப் பிடித்துவைத்து மாட்டிக்கொள்ளலாம். இரவு இரண்டு மணிக்கும் செய்யலாம். ஆறு மாதம் கழித்துப் பாடகர் வந்து சுருதியை அரைக்கட்டை இறக்கச் சொன்னால் மறுபேச்சின்றி இறக்கலாம். அவசர வேலை என்றால் இன்றும் இதைத்தான் தொடுகிறேன். குறை ஒன்றுதான்: பழைய ஒலிக்கு மேல் பூசிய வண்ணம் போல ஒட்டிக்கொண்டு நிற்கும், அந்த ஒலி ஓர் இடத்தில் இருந்து வருவதாகக் காது ஏற்காது. எதிரொலியைத் தனியாகச் சேர்த்தால் ஓரளவு சரியாகிறது. ஓரளவுதான்.

இரண்டாவது வழி நிஜமான கிதார் ஆம்ப். பெங்களூருவில் பழையதாக ஒரு 15 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கொண்டுவந்த அன்றே தெரிந்தது, கம்பியைச் செருகினால் மட்டும் போதாது என்று. சவுண்ட் கார்டிலிருந்து வெளியே வருவது லைன் அளவு, அதாவது ஒலிக்கருவிகள் தமக்குள் ஒலியை அனுப்பிக்கொள்ளும் மின்னளவு. தொழில்முறைக் கருவிகளில் அது +4 டிபியு, அதாவது சுமார் 1.23 வோல்ட். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிதாரின் பிக்கப் தருவது பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்குதான். ஆம்ப்பின் உள்வாசலோ அந்தச் சிறு பங்கை எதிர்பார்த்துச் சுமார் 1 மெகா ஓம் மின்மறுப்போடு, அதாவது மின்னோட்டத்துக்குப் பெரிய தடையோடு, உட்கார்ந்திருக்கிறது. இடையில் அளவைக் குறைத்து, மின்மறுப்பை ஏற்றிக் கொடுக்க ரீஆம்ப் பெட்டி என்று ஒன்று உண்டு. சவுண்ட் கார்டின் ஒலியளவை நன்றாகக் குறைத்துவிட்டு நேரடியாகச் செருகினாலும் பாட்டு வரும்; கூடவே உறுமலும் வரும். கணினியும் ஆம்ப்பும் எர்த் வழியாக ஒரு சுற்றுப் போட்டுக்கொள்வதால் வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் அது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டி அந்தச் சுற்றை அறுத்துவிடும். பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கினால் போதும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உறுமலோடு ஆளும் போக நேரும்.

உறுமல் போன பிறகு இன்னொரு சத்தம் கேட்டது. கீழ்ச்சுரங்களில் நகரும் பேஸ் வரிசையை ஓட்டும்போதெல்லாம் யாரோ எவர்சில்வர் டம்ளரை நகர்த்துவது போல ஒரு கிணுகிணுப்பு. ஆம்ப்பைத் திறந்து பார்த்தேன், திருகுகளை முடுக்கினேன், ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று விரலால் தடவிப் பார்த்தேன். கடைசியில் கீபோர்டில் கட்டை கட்டையாக மேலே ஏறி வந்தபோது 98 ஹெர்ட்ஸில், அதாவது மேற்கத்தியக் கணக்கில் ‘ஜி’ சுரத்தில், பிடிபட்டது. அம்மாவின் இரும்பு பீரோ. அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் அதன் கண்ணாடி சட்டத்துக்குள் ஆடியது. கதவிடுக்கில் பழைய வேட்டியை மடித்துச் செருகியதும் நின்றது. மென்பொருள் ஆம்ப்புக்கு பீரோ கிடையாது என்பதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

மைக் வைக்கும் இடம் அடுத்த பாடம். 1965இல் வந்து இன்றுவரை ஆம்ப்புகளின் முன்னால் நின்றுகொண்டிருக்கும் ஷூர் எஸ்எம்57ஐத்தான் நானும் வைத்தேன். ஆம்ப்பின் முகப்புத் துணியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, ஸ்பீக்கர் கூம்பின் நட்டநடுவே நீட்டினால் ஒலி கூராகக் குத்துகிறது. ஓரமாக ஓர் அங்குலம் நகர்த்தினால் கூர் மழுங்கி உடம்பு வருகிறது. மென்பொருளில் நான்கு குமிழ்களைத் திருகித் தேடியது இங்கே ஓர் அங்குலத்தில் கிடைத்தது. இதுதான் இந்த வழியின் ருசி.

எந்த வாத்தியத்தை அனுப்புவது என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கினேன். ஆசையாகப் பியானோவை அனுப்பினேன். போர்வைக்குள் வாசித்தது போல வந்தது. கிதார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும், பியானோவின் மினுமினுப்பு அதற்கு மேலும் விரிந்து கிடக்கிறது. ஸ்டீரியோவும் போய்விடும், ஆம்ப் ஒன்று, ஸ்பீக்கர் ஒன்று. வயலின் கூட்டத்துக்கும் இதே கதி. ஆனால் மின்சார ஆர்கன், ரோட்ஸ் போன்ற மின்சாரப் பியானோ, சின்த் எனப்படும் சின்தசைசர், பேஸ் ஆகியவை பிறந்ததே ஸ்பீக்கரை நம்பி. ரோட்ஸின் உள்ளே கிதாரைப் போலவே பிக்கப்தான் இருக்கிறது. 1935இல் வந்த ஹாமண்ட் ஆர்கனுக்கு டான் லெஸ்லி சுழலும் ஸ்பீக்கரைச் செய்து கொடுத்த பிறகு, ஸ்பீக்கரைப் பிரித்துவிட்டு அந்த ஆர்கனைக் கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை. இந்த வகை வாத்தியங்களை ஆம்ப்பில் விட்டதும் சோர்ந்து கிடந்தவை நிமிர்ந்து உட்கார்ந்தன.

ஆர்மோனியம் மட்டும் அப்படியேதான் இருந்தது. கொஞ்சம் அழுக்கு ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது வழி அதன் பிறகு வந்தது. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோவில்களில் கூத்து நடக்கும்போது ஆர்மோனியத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதைவிட, தெருமுனையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாகக் கேட்டதுதான் மிக அதிகம். என் காதுக்கு அந்த வாத்தியத்தின் சத்தமே குழாயின் சத்தம்தான். கிதார் ஆம்ப்பில் அதைத் தேடியது என் பிழை. தெரிந்த மைக்செட்காரரிடம் போய் ஒரு குழாயும் ஆம்ப்ளிஃபயரும் கேட்டேன்.

“வீட்டில் என்ன விசேஷம், தம்பி?”

“விசேஷம் ஒன்றும் இல்லை அண்ணே, கம்ப்யூட்டர் ஆர்மோனியத்துக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தாரே தவிர வாடகையைக் குறைக்கவில்லை.

இதில் ஒரு வசதி, ரீஆம்ப் பெட்டி தேவைப்படவில்லை. மைக்செட் ஆம்ப்பில் பாட்டுப்பெட்டி போன்றவற்றைச் செருகும் ஆக்ஸ் வாசல் லைன் அளவையே எதிர்பார்க்கிறது. குழாய்க்குப் போகும் ஒலியை உயர்ந்த மின்னழுத்தத்தில் அனுப்பும் 100 வோல்ட் லைனில் ஓடுவதால் கம்பியை எவ்வளவு நீளம் இழுத்தாலும் இழப்பு குறைவு. புளியமரம் புளியமரமாகக் குழாய் கட்ட முடிவது அதனால்தான். நான் மொட்டை மாடிக்கு இழுத்தேன். குழாயைத் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்து, பதினைந்து அடி தள்ளி மைக் வைத்தேன்.

குழாயின் வாய் அகலத்துக்கும் விரிவுக்கும் ஏற்ப ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே உள்ள ஒலி வெளியே வராது. ஆர்மோனியத்தின் கீழ்க்கட்டைகள் அடிச்சுரத்தை இழந்து மேற்சுரங்களோடு மட்டும் வருகின்றன; இல்லாத அடியைக் காதே இட்டு நிரப்பிக்கொள்கிறது. மேலே கூர், நடுவில் மூக்கொலி, சுற்றிலும் வெட்டவெளி. முதல் ‘சா’ ஒலித்ததும் கழுத்து மயிர் சிலிர்த்தது.

தொல்லைகளும் உண்டு. பதினைந்து அடியைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 13 மில்லி நொடி ஆகிறது. சவுண்ட் கார்டின் தாமதமும் அதோடு சேரும். பதிவை முன்னால் இழுத்து வைக்காவிட்டால் தாளத்தில் நொண்டும். கிதார் ஆம்ப்பிலும் இது உண்டு. அங்கே மூல ஒலியையும் மைக் ஒலியையும் கலக்கும்போது 1 மில்லி நொடி பிசகினாலே 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழுந்து ஒலி மெலிந்துபோகும். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை வைத்திருப்பவர்கள் அதிலுள்ள ரீஇன்சர்ட் என்ற கருவியைக் கொண்டு தாமதத்தை அளந்துகொள்ளலாம். நான் கைதட்டல் ஒன்றை அனுப்பி, திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்து நகர்த்துகிறேன். திறந்தவெளியில் காக்கை, பால்காரர் வண்டி, லாரி ஹாரன் எல்லாம் கூட்டாளிகள். இரவு அமைதியாக இருக்குமே என்று நினைக்கவும் வழியில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. வெயில் கொளுத்தும் மதியம் மூன்று மணிதான் எனக்கு வாய்த்த நேரம்; ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறது.

ஆக, பேஸும் ஆர்கனும் இனி ஆம்ப் வழியாகத்தான். பியானோ, வயலின் பக்கம் நான் போவதில்லை, அவை கணினிக்குள்ளேயே நன்றாக இருக்கின்றன. வாடிக்கையாளர் மூன்று முறை மாற்றச் சொல்லக்கூடிய விளம்பர வேலை என்றால் எல்லாமே மென்பொருள், சந்தேகமே வேண்டாம். ஆர்மோனியத்துக்கு மட்டும் குழாய். அதிலும் ஒரு கெடு இருக்கிறது. ஆடி பிறந்துவிட்டால் அண்ணனிடம் ஒரு குழாய்கூட மிஞ்சாது. இன்னும் நான்கு பாட்டுகளின் ஆர்மோனியம் பாக்கி.