பென்னாகரம் சாலையில் வாங்கிய நாவற்பழச் சாறு

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் செல்லும் சாலையோரக் கடையொன்றில், ஆடி மாதக் கடைசியில், அரை லிட்டர் நாவற்பழச் சாற்றை 180 ரூபாய் கொடுத்து வாங்கினேன். "காட்டுப் பழம்தான் சார், கலர் எதுவும் சேர்க்கல" என்றார் கடைக்காரர். பாட்டிலின் சீட்டோ ஒருபடி மேலே போய், "உடலின் ஒவ்வொரு செல்லையும் புதுப்பிக்கும்" என்கிறது.

கடைக்காரர் சொன்னதை வீட்டிலேயே சோதித்தேன். தண்ணீர் கலந்த சாற்றில் எலுமிச்சை பிழிந்ததும் சிவப்பு தெளிந்தது. மற்றொரு தம்ளரில் சமையல் சோடாவைத் தூவியதும் ஊதா நிறம் மங்கி நீலச் சாம்பலானது. நாவலின் தோலுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின்களின் இயல்பு இது. சாயம் மட்டும் கலந்த சாறு பெரும்பாலும் இப்படி மாறாது.

சீட்டில் உள்ள வாசகத்தின் சிக்கலும் அந்த இரண்டாவது தம்ளரிலேயே இருக்கிறது. இரைப்பையின் அமிலத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும் ஆந்தோசயனின்கள், சோடா கலந்த அந்தத் தம்ளரைப் போல அமிலம் தணியும் சிறுகுடலில் சிதையத் தொடங்குகின்றன. மாறாத வடிவில் இரத்தத்தை அடைவது மிகச் சிறிய பங்கே. எஞ்சியதைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புரோட்டோகேட்சுயிக் அமிலம் போன்ற சிறிய மூலக்கூறுகளாக உடைக்க, குடற்சுவரும் கல்லீரலும் அவற்றோடு சல்பேட்டு, குளுக்குரோனிக் அமிலம் ஆகியவற்றை இணைத்து அனுப்புகின்றன. ஆகவே நம் செல்கள் சந்திப்பது பாட்டிலில் இருக்கும் பொருளை அன்று, அதன் பேரப்பிள்ளைகளை. துவர்ப்பான பழங்களில் உள்ள எல்லாஜிக் அமிலத்திலிருந்து குடல் பாக்டீரியாக்கள் உருவாக்கும் யூரோலித்தின்கள் எல்லோருடைய குடலிலும் உருவாவதில்லை என்பதால், ஒரே சாற்றைக் குடிக்கும் இருவருக்குக்கூட ஒரே பலன் கிடைக்கும் என்று சொல்ல இயலாது.

பழச்சாற்றை நேரடியாகச் செல்களின்மேல் ஊற்றிப் பார்த்துவிட்டு "செல்லைக் காக்கும்" என்று அறிவிப்பது எளிது. 2014-இல் வெளியான இன்ஃபோஜெஸ்ட் முறையோ, உமிழ்நீருக்கு 2 நிமிடமும் இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் தலா 2 மணி நேரமும் ஒதுக்கிச் செரிமானத்தை ஆய்வகத்தில் நடத்திப் பார்க்கிறது. அதன்பின் மிஞ்சும் கரைசலை, குடற்சுவரின் மாதிரியாகப் பயன்படும் கேகோ-2 செல்களில் இடுவதுண்டு. அதிலும் பெருங்குடல் பாக்டீரியாக்களின் பங்கு விடுபட்டுப் போகிறது.

சுவையில் குறை சொல்ல முடியாது. நாக்கு இழுக்கும் துவர்ப்பும் பின்னால் வரும் காட்டு மணமும் அப்படியே இருக்கின்றன. ஆனால் சேர்மானப் பட்டியலில் முதலில் நிற்பது சர்க்கரை. சீட்டில் சொன்னபடி நான்கு பங்கு தண்ணீர் கலந்தாலும் திகட்டுகிறது, ஆறு பங்கு கலந்தால் சரியாக வருகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு நாவல் நல்லது என்று நம்பி இதை வாங்கிக் கொடுப்பவர்கள் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்கலாம். அதே கடையில் உப்புத் தூவி விற்ற பழமே எனக்கு மேலாகப்பட்டது: சர்க்கரை சேர்க்காதது, தோலும் நாரும் சேர்ந்தே உள்ளே போகின்றன. நாரோடு பிணைந்த சேர்மங்களும் பெருங்குடல்வரை சென்று சேர்கின்றன.

பாட்டிலின் மூடி சற்றுக் கசிகிறது. பேருந்தில் வருபவர்கள் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவர வேண்டும்.