மாசமாக இருக்கும்போது பிரஷர் மாத்திரை: எந்த அட்டை ஆகும், எது ஆகாது?

முழுகாமல் இருக்கும் மருமகளுக்குப் பிரஷர் என்று தெரிந்ததும், "இதுவும் பிரஷர் மாத்திரதாம்மா, போட்டுக்கோ" என்று மாமியார் தன் அட்டையை நீட்டுவது எங்கள் குடியாத்தம் பக்கம் நடக்கிற காரியம்தான். பாசத்தில் செய்வதுதான். ஆனால் அது எந்த மாத்திரை என்று பார்க்க வேண்டும்.

பெயர் 'ப்ரில்' என்றோ 'சார்டன்' என்றோ முடிந்தால் தொடக்கூடாது: எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன். சர்க்கரை உள்ள மாமியாரின் கிட்னியைக் காப்பாற்றும் அதே மாத்திரை, நான்காம் மாதத்துக்கு மேல் வயிற்றுப்பிள்ளையின் கிட்னியை முடக்கிவிடும். பனிக்குட நீரில் பெரும்பங்கு பிள்ளை கழிக்கும் சிறுநீர்தான். அது நின்றால் தண்ணீர் வற்றும். நுரையீரல் வளராது, மண்டையோட்டு எலும்பும் சரியாக உருவாகாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 'ப்ரில்' வகைக்கு 1992-லேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. முதல் மூன்று மாதம்? ஊனம் வரும் என்று 2006-ல் ஓர் ஆய்வு சொன்னது. பிரஷரே காரணமாக இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் அதை மறுத்தன. ஆகவே தெரியாமல் சாப்பிட்டவர் கலைத்துவிட வேண்டுமோ என்று பதற வேண்டாம். அன்றைக்கே டாக்டரைப் பார்த்து மாத்திரையை மாற்றினால் போதும்.

அட்டெனலால் பிள்ளையின் வளர்ச்சியைக் குறைக்கலாம் என்பதால் அதையும் தவிர்ப்பார்கள்.

டாக்டர்கள் வழக்கமாக எழுதுவது மூன்று. மெத்தில்டோபா 1960-களிலிருந்து புழக்கத்தில் உள்ளது. அதைச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளை ஏழு வயதுவரை கவனித்தும் குறை தெரியவில்லை. ஆனால் தாய்க்குத் தூக்கமும் சோர்வும் வரும். லேபடலால் நன்றாகக் கேட்கும்; வீசிங் உள்ளவருக்கு ஆகாது, பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரை இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். மெதுவாகக் கரையும் நிபெடிபினில் தலைவலி, கால் வீக்கம். பிரஷர் 160/110-ஐத் தொட்ட 894 கர்ப்பிணிகளுக்கு நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில் இந்த மூன்றையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. 6 மணி நேரத்துக்குள் சிக்கலில்லாமல் கட்டுக்குள் வந்தவர்கள் நிபெடிபினில் 84%, லேபடலாலில் 77%, மெத்தில்டோபாவில் 76%. ஆனால் பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தது நிபெடிபினில்தான் அதிகம்: 18%, மற்ற இரண்டிலும் 10%. என் கணக்கில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. எது ஒத்துக்கொள்கிறதோ அது.

நான்காவதாக ஒரு வழியையும் சிலர் எடுக்கிறார்கள்: பயந்துபோய் எதையும் போடாமல் விடுவது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே லேசான பிரஷர் உள்ள 2,408 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. 140/90-க்குக் கீழே வைக்க மாத்திரை எடுத்தவர்களில் 30.2% பேருக்குச் சிக்கல். பிரஷர் மிக ஏறினால் மட்டும் மாத்திரை என்று விட்டவர்களில் 37%. மாத்திரையால் பிள்ளைகள் இளைத்துப் பிறக்கவும் இல்லை.

வேலூர் பக்கம் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சி.எம்.சி. மருத்துவமனைக்கோ போகும்போது வீட்டிலிருக்கும் பழைய அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். "மஞ்சள் கலர்ல சின்னதா இருக்கும் டாக்டர்" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது.