பொடிக்கடைக்கு ஒரு பிராண்ட் கிட்: கேன்வா புரோவுக்குப் பணம் கட்டலாமா?

அக்கா வீட்டிலிருந்தே இட்லிப் பொடி, கருவேப்பிலைப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் என்று செய்து விற்கிறாள். இரண்டு வருடமாக ருசி மாறவில்லை, லேபிள் மட்டும் ஏழெட்டுத் தடவை மாறிவிட்டது. டப்பாவில் ஒரு சிவப்பு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வேறு சிவப்பு, தீபாவளிக்கு இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தில் எங்கிருந்தோ வந்த ஊதா. "போன தடவை வாங்கினதும் உங்ககிட்டதானா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்ட அன்று ராத்திரி, போஸ்டர், லேபிள் எல்லாம் வடிவமைக்க உதவும் கேன்வா செயலியின் கட்டணப் பதிப்பான கேன்வா புரோவுக்குப் பணம் கட்டினோம், முக்கியமாக அதிலிருக்கும் பிராண்ட் கிட் வசதிக்காக.

பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. லோகோ, நிறங்கள், எழுத்துருக்கள் மூன்றையும் ஒரே இடத்தில் போட்டு வைத்தால் எந்த டிசைனைத் திறந்தாலும் அவை பக்கத்திலேயே வந்து நிற்கும். சொந்த எழுத்துருவை ஏற்றுவது, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக இறக்குவது, ஒரே டிசைனைப் போஸ்டுக்கும் ஸ்டோரிக்கும் அளவு மாற்றுவது எல்லாம் புரோவில்தான். மாதத்துக்கு ஒரு போஸ்டர் போடுகிறவருக்கு இலவசக் கணக்கே போதும், நிறத்தைக் குறிக்கும் ஆறு இலக்க ஹெக்ஸ் கோடை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் தட்டிக்கொள்ளலாம்.

நிறத்தை மட்டும் அது நமக்காகத் தேர்ந்தெடுத்துத் தராது. அக்காவுக்கு மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து வேண்டும், "மங்களகரமா இருக்கும்டா" என்கிறாள். வெப்எய்ம் என்ற இணையதளத்தில் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தைச் சரிபார்க்கும் இலவசக் கருவி இருக்கிறது, அதில் அந்த ஜோடியைப் போட்டுப் பார்த்தேன். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டிய இடத்தில் 1.6 தான் வந்தது, அதாவது வெயிலில் போனைப் பார்க்கிறவருக்கு வெறும் மஞ்சள் கட்டம்தான் தெரியும். கடைசியில் அரக்கு, மஞ்சள், வெள்ளை மூன்றோடு நிறுத்தினோம். அரக்கு மேல் மஞ்சள் எழுத்து 6-ஐத் தாண்டியது, மங்களத்துக்கும் குறைவில்லை.

உண்மையான வேலை தமிழ் எழுத்துருவில்தான். கேன்வாவில் தயாராக இருக்கும் ஆங்கில மாதிரி வடிவம் (டெம்ப்ளேட்) பார்க்க அழகாக இருக்கும், எழுத்தைத் தமிழில் மாற்றியதும் முகமே மாறிவிடும். காரணம் எளிது. உதாரணமாகப் பாப்பின்ஸ் என்ற எழுத்துருவில் தேவநாகரி (இந்தி எழுத்து) உண்டு, தமிழ் கிடையாது, இல்லாத எழுத்துக்கு வேறு ஏதோ எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் முதலில் தமிழை முடிவு செய்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். கூகுளின் இலவச எழுத்துருத் தளமான கூகுள் ஃபான்ட்ஸில் அனேக் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், பலூ தம்பி என்று நல்லவை நிறைய, எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பதால் வணிகத்துக்கும் பயமில்லாமல் பயன்படுத்தலாம். நாங்கள் எடுத்தது அனேக் தமிழ். கனத்தோடு அகலத்தையும் தேர்ந்தெடுக்க முடிவதால் "கருவேப்பிலைப் பொடி" என்ற நீளமான பெயர் சின்ன டப்பாவில் ஒரே வரியில் அடங்கியது, ஆங்கில எழுத்தும் அதிலேயே இருக்கிறது. வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும்.

ஒரு கூத்தும் நடந்தது, தப்பு என்னுடையதுதான். நிறத்தொகுப்பை மொத்த டிசைனுக்கும் ஒரே சொடுக்கில் பூசும் வசதியை லேபிளில் ஆசையாக அழுத்திவிட்டேன். சைவத்துக்கான பச்சைப் புள்ளியும் சேர்ந்து அரக்காகிவிட்டது. அக்கா பார்த்துவிட்டு, "ஏண்டா, நம்ம பொடியில கறியா போடறோம்?" என்றாள். இப்போது அந்தக் குறியையும், 14 இலக்க உரிம எண்ணோடு வரும் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) சின்னத்தையும் பிஎன்ஜி படமாக வைத்திருக்கிறேன், படமாக இருந்தால் நிறம் மாறாது.

அச்சகத்தில் வேறு கதை. கோப்பைக் கொடுத்துவிட்டு வந்தோம். அங்கிருந்தவர் டப்பா லேபிளில் ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்று முழுவதையும் தன்னிடமிருந்த பழைய எழுத்துருவில் திரும்ப அடித்து 500 லேபிள் போட்டுவிட்டார். பல அச்சகங்களில் இன்னும் யூனிகோடுக்கு (இப்போது போனிலும் கணினியிலும் பொதுவாக இருக்கும் எழுத்து முறை) முந்தைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன, நம் யூனிகோட் தமிழை அதில் ஒட்டினால் உடையும். அதனால் இப்போதெல்லாம் அச்சுக்கான பிடிஎஃப், அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறத்தில் (இதுவும் புரோவில்தான்), "ஒரு எழுத்தும் மாத்தாதீங்கண்ணே, திருத்தம்னா போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறோம். மாதிரி ஒன்று அச்சடித்துப் பார்க்காமல் மொத்தமாக அடிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள், திரையில் மின்னும் மஞ்சள் தாளில் கொஞ்சம் சோர்ந்துதான் வரும்.

அப்புறம் லோகோ. கேன்வாவில் இருக்கும் லோகோ டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்துக்கொண்டால் அதே படத்தை வேறு ஊரில் இன்னொருவரும் வைத்திருக்கலாம், டிரேட்மார்க்கும் பதிய முடியாது. நாங்கள் பாட்டி வைத்திருந்த அம்மிக்கல்லைக் காகிதத்தில் வரைந்து, இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வெக்டராக (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத படமாக) மாற்றி ஏற்றினோம். இன்க்ஸ்கேப் இலவசம், பழக இரண்டு ஞாயிறு போகும்.

வாரத்துக்கு மூன்று நான்கு படம் போடுகிற சின்னக் கடைக்குத் தாராளமாக வாங்கலாம் என்பேன். முன்பு ஒரு போஸ்டுக்கு அக்கா என்னைத்தான் அழைப்பாள், ராத்திரி பத்து மணிக்கு. போன வாரம் அவளே போனில் ஒன்று செய்து காலை ஆறு மணிக்குப் போட்டுவிட்டாள். அதே அரக்கு, அதே எழுத்து, மூலையில் அம்மிக்கல், எல்லாம் கச்சிதம். "ஊருகாய்" என்று எழுதியிருந்தாள், அதைத் திருத்தச் சொல்லத்தான் நான் அழைக்க வேண்டியிருந்தது.