இணையக் கலைக்களஞ்சியம்: சுங்கை சிப்புட் பள்ளிகள் சந்தா கட்டுமுன் பார்க்க வேண்டியவை

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சுங்கை சிப்புட்டில் ஓர் இடைநிலைப்பள்ளிக்கோ, அறிவியலை ஆங்கிலத்தில் நடத்தும் டிஎல்பி வகுப்புள்ள தமிழ்ப்பள்ளிக்கோ இந்தச் சந்தா கொடுத்த காசுக்குப் பயன் தரும். எண்பது தொண்ணூறு பிள்ளைகள் படிக்கும் தோட்டப்பள்ளி இதைத் தனியாக வாங்க வேண்டாம்.

பார்க்கத்தக்கவை இரண்டு: பிரிட்டானிகா ஸ்கூல், வேர்ல்டு புக். 1768இல் எடின்பரோவில் தொடங்கிய பிரிட்டானிகா, 32 தொகுதிகள் கொண்ட 2010 பதிப்போடு அச்சை நிறுத்திக்கொண்டது; 2012இல் அதை அறிவித்தது. வேர்ல்டு புக் 22 தொகுதிகளை இன்னும் அச்சிடுகிறது. இணையச் சந்தா என்பது வாடகை. கட்டணம் நின்ற மறுநாள் அலமாரியில் ஒன்றும் மிஞ்சாது. சின்னப் பள்ளிகள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

இந்த இரண்டிலும் மெச்சத்தக்கது வாசிப்பு நிலைதான். பிரிட்டானிகா ஸ்கூலில் ஒரே தலைப்பு மூன்று நிலையில் கிடைக்கும். எரிமலை என்று தேடினால், அடிநிலையில் சில எளிய பத்திகள். மேல்நிலையில் நீண்ட கட்டுரை. பின்தங்கிய மாணவனும் முந்திய மாணவியும் ஒரே தலைப்பைப் படித்துவிட்டு ஒரே குழுவில் உட்கார்ந்து பேசலாம். தெரியாத சொல்லை இருமுறை தட்டினால் அகராதிப் பொருள் வரும். கட்டுரையை உரக்க வாசித்துக் காட்டும் வசதி உண்டு (முப்பது பேர் உள்ள அறையில் காதொலிக் கருவி இல்லாமல் இது உதவாது). இடுபணியில் மேற்கோள் காட்டும் குறிப்பும் தயாராகக் கிடைக்கும். தமிழ்ப்பள்ளியை முடித்துப் படிவம் 1இல் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கு, பாடநூலுக்கு அடுத்த துணை இதுவே. வேர்ல்டு புக்கில் சிறுவர், மாணவர், உயர்நிலை எல்லாம் தனித்தனித் தளங்கள். சின்னவர்கள் குழம்ப மாட்டார்கள். ஆனால் கட்டுரை கடினமாக இருந்தால் வேறு தளத்துக்குப் போய் மறுபடி தேட வேண்டும்.

அடுத்தது மொழி. கட்டுரைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. மொழிபெயர்ப்புப் பொத்தானைக் காட்டித் “தமிழும் இருக்கிறது” என்று விற்பனையாளர் சொன்னால், அது இயந்திர மொழிபெயர்ப்பு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவர் முன்னாலேயே சோதியுங்கள். மின்சாரக் கட்டுரையில் ‘மின்னோட்டம்’ வர வேண்டிய இடத்தில் ‘தற்போதைய’ என்று வருகிறதா? தாவரம் ‘ஆலை’ ஆகிறதா? ரப்பர் கட்டுரையைத் திறந்து, பால்மரம் சீவுவதை ‘தட்டுதல்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பாட்டி மரம் சீவிய வீட்டுப் பிள்ளைக்கு அந்த வரி புரியவே புரியாது. இப்படி ஐந்து கட்டுரையில் மூன்று பிழைபட்டால், தமிழ் வசதி என்ற வரியை ஒப்பீட்டுத் தாளிலிருந்து அடித்துவிட்டு மீதியை மட்டும் எடைபோடுங்கள்.

சரக்கைச் சோதிக்க நம் ஊரே போதும். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் மூவர் கொல்லப்பட்டதை ஒட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. அந்தக் கட்டுரையில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறதா? 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது, பக்கத்திலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. அது இருக்கிறதா, பிரேசிலோடும் லண்டன் கியூ தோட்டத்தோடும் கதை நின்றுவிடுகிறதா? இங்கே பிறந்த முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் பெயரைத் தட்டிப் பாருங்கள். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடலைத் தடுக்க அவர் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தையும் தேடுங்கள். உள்ளூர்ச் செய்தி இல்லை என்பதற்காக ஓர் உலகக் கலைக்களஞ்சியத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வரலாற்று இடுபணிக்கு இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேடல் பெட்டியில் பிள்ளைகள் தட்டும் விதத்திலேயே தட்டுங்கள். மலாய் எழுத்துக்கூட்டலில் ‘மெலாக்கா’, ஆங்கிலத்தில் ‘மலாக்கா’, எழுத்துப் பிழையோடு ‘பரமேஸ்வரா’ என மூன்றுக்கும் சரியான பக்கம் வர வேண்டும். “ஒன்றும் கிடைக்கவில்லை” என்று இரண்டு முறை வந்தால் பிள்ளை கூகுளுக்குப் போய்விடும். புதுப்பித்தலைப் பார்க்க எஸ்வாத்தினி (2018இல் மாறிய பெயர்), வட மாசிடோனியா (2019), 118 தனிமங்களுக்கும் பெயர் உள்ள அட்டவணை, 2024 ஜனவரி 31இல் பதவியேற்ற நம் மாமன்னர் ஆகிய நான்கும் போதும்.

சந்தாக்கள் வீணாவது பெரும்பாலும் கட்டுரையின் தரத்தால் அல்ல, உள்நுழைவதில் வரும் சிக்கலால். வழிகள் மூன்று. முதலாவது ஐபி முகவரி: பள்ளியின் இணைப்பை அடையாளம் கண்டு கடவுச்சொல் கேட்காமலே திறக்கும். நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு இது பொருந்தும். நம் பள்ளிகளில் முகவரி அடிக்கடி மாறும் இணைப்பும் கைபேசி ஹாட்ஸ்பாட்டும்தான் அதிகம். ஹாட்ஸ்பாட்டில் ஒரே முகவரியைப் பலர் பகிர்வதால் இந்த வழி வேலை செய்யாது. இன்று திறந்தது நாளை திறக்காது. ஆசிரியர் ஒரு பாடவேளையை இழந்த பிறகு மறுபடி முயல மாட்டார்.

இரண்டாவது கூகுள் கணக்கு. கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவின் கணக்கிலேயே நுழையலாம் என்றால் அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவரின் கல்விக் கணக்கில், நிர்வாகி அனுமதித்த வெளிச்செயலிகள் மட்டுமே திறக்கும். டெலிமாவின் நிர்வாகம் கல்வி அமைச்சிடம் இருக்கிறது, தலைமையாசிரியரிடம் இல்லை. ஆசிரியர் கணக்கில் திறந்ததைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆண்டு 4 மாணவர் ஒருவரின் கணக்கில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பள்ளி முழுமைக்கும் ஒரே பயனர் பெயரும் கடவுச்சொல்லும். பார்க்கப் பழைய முறை, ஆனால் நம் ஊருக்கு உறுதியானது. வீட்டிலும் அப்பாவின் கைபேசியிலும் திறக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழு வழியாக ஊருக்கே பரவிவிடும் என்பது குறை. ஆண்டுக்கு இரண்டு முறை கடவுச்சொல்லை மாற்ற முடியுமா, வீட்டுப் பயன்பாடு உரிமத்தில் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். கடவுச்சொல் எட்டு எழுத்துக்குள், பெரிய எழுத்தும் குறியீடும் இல்லாமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆண்டு 2 வகுப்பில் பதினைந்து நிமிடம் அதிலேயே போகும்.

டேட்டாவையும் கணக்குப் போட வேண்டும். படத்தோடு ஒரு கட்டுரை சுமார் 3 எம்பி என்று வைத்தால், முப்பது பேருக்கு 90 எம்பி. இது பாரமில்லை. மூன்று நிமிடக் காணொளி விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடினால் ஆளுக்கு 22 எம்பிக்கு மேல். முப்பது பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் 675 எம்பி, இணைப்பும் 30 மெகாபிட் வேகம் தாங்க வேண்டும். காணொளியை ஆசிரியர் திரையில் ஒரு முறை போட்டுக்காட்டிவிட்டு, பிள்ளைகளுக்குக் கட்டுரையை மட்டும் கொடுப்பதே வழி.

விலைக்கு வருவோம். மாணவர் எண்ணிக்கையை வைத்தே பெரும்பாலும் கணக்கிடுவார்கள். குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று இருந்தால் சின்னப் பள்ளிக்கு அதுதான் அடி. விலை ரிங்கிட்டிலா டாலரிலா என்று பாருங்கள். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 முதல் சேவை வரி உண்டு. 2024 மார்ச்சில் அது 6இலிருந்து 8 விழுக்காடானது. வரி சேர்ந்த விலையா என்று கேட்காமல் விட்டால், 2,400 ரிங்கிட் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகு 2,592க்குப் பில் வரலாம். 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரியில் தொடங்குகிறது. நவம்பரில் சந்தாவைத் தொடங்கினால் ஆண்டிறுதி விடுமுறைக்கும் சேர்த்தே காசு கட்டுகிறீர்கள். இலவசச் சோதனைக் காலத்தையும் பாடம் நடக்கும் வாரங்களில்தான் கேட்டு வாங்க வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் பிரிவு இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

புதுப்பிக்கும் முன் பயன்பாட்டு அறிக்கை கேளுங்கள், மின்னியல் தரவுத்தளப் பயன்பாட்டை எண்ணும் அனைத்துலக ‘கவுண்டர்’ நெறிமுறைப்படி. அதில் மொத்த எண்ணிக்கையை விடுத்துத் ‘தனிக் கட்டுரைத் திறப்பு’ வரியைப் பாருங்கள். ஒரே அமர்வில் ஒரு கட்டுரையை மூன்று முறை திறந்தாலும் அங்கே ஒன்றுதான். 2,592 ரிங்கிட்டுக்கு 1,200 திறப்பு என்றால் ஒன்றுக்கு 2 ரிங்கிட் 16 சென். 300 என்றால் 8 ரிங்கிட் 64 சென். அந்தப் பணத்துக்குப் பள்ளியின் நிலாம் வாசிப்புத் திட்டத்துக்கு நல்ல தமிழ்க் கதைப் புத்தகம் வாங்கலாம்.

சின்னப் பள்ளி என்ன செய்யலாம்? தேசிய நூலகம், மாநில நூலகம் ஆகியவற்றின் உறுப்பியத்தில் இதே தரவுத்தளம் ஏற்கெனவே கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா காசில்லாமல் இருக்கிறது. கிவிக்ஸ் செயலியில் அதை ஒருமுறை இறக்கிப் பழைய மடிக்கணினியில் வைத்துவிட்டால் இணையமே வேண்டாம். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியம், தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் உள்ளது. அறிவியல் தகவல் பழையது, நடை அருமையானது. ஆசிரியர்களுக்கு நல்ல கலைச்சொல் சுரங்கம்.

வட்டாரத்தில் நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து கூட்டு விலை கேட்பது இன்னொரு வழி. அப்போது ஒவ்வொரு பள்ளியின் மாணவர் எண்ணிக்கை, இணைப்பு வகை, டிஎல்பி உண்டா இல்லையா, பொறுப்பாசிரியர் யார் என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். கடவுச்சொல்லும் பயன்பாட்டு அறிக்கையும் பள்ளி வாரியாகத் தனித்தனியே வர வேண்டும் என்று அதே தாளில் சேர்த்துவிடுங்கள். அறிக்கை மொத்தமாக வந்தால், பயன்படுத்தாத பள்ளி எது என்று தெரியாமல் அடுத்த ஆண்டு எல்லாரும் சமமாகக் காசு கட்ட வேண்டி வரும்.