க்னோமுக்குப் பக்கத்தில் எதை வைப்பது: எக்ஸ்எஃப்சிஈயா, பிளாஸ்மாவா?

என் லேப்டாப் பழசு, 4 ஜிபி ராம். டெபியன் 13 (லினக்ஸில் ஒரு வகை) போட்டபோது கூடவே க்னோம் 48 என்ற டெஸ்க்டாப் (மெனு, ஜன்னல் எல்லாவற்றையும் திரையில் காட்டும் சூழல்) வந்தது. கோயில் தமிழ் வகுப்புக்குப் பாடக்குறிப்பு அடிக்க லிப்ரே ஆபிஸையும் பக்கத்தில் பயர்பாக்ஸையும் திறந்தால் போதும், திணற ஆரம்பித்துவிடும். க்னோமை அழிக்காமல் பக்கத்திலேயே இன்னொரு டெஸ்க்டாப் போட்டுக்கொள்ளலாம் என்று எக்ஸ்எஃப்சிஈயையும் கேடிஈ பிளாஸ்மாவையும் பார்த்தேன். எடுத்தது எக்ஸ்எஃப்சிஈ. பிளாஸ்மாவை என் தம்பியின் லேப்டாப்பில் அவ்வப்போது உட்கார்ந்து பார்த்ததுதான், தினமும் வைத்துப் புழங்கியதில்லை; அதனால் அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

அழகு பிளாஸ்மாவுக்குத்தான், அதில் பேச்சே இல்லை. எதை வேண்டுமானாலும் மாற்றலாம். எக்ஸ்எஃப்சிஈ பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பழைய மெஷினில் சட்டென்று திறக்கும். பிளாஸ்மா ராமைத் தின்றுவிடும் என்பது பழைய பேச்சு, இப்போது அது அவ்வளவு மோசமில்லை. சின்னமன் என்ற இன்னொரு டெஸ்க்டாப் வேண்டுமென்றால் நேராக அதோடு வரும் லினக்ஸ் மின்டையே போட்டுக்கொள்வது நல்லது, இதற்குள் அதை இழுக்க வேண்டாம்.

டேட்டா விஷயம் ரங்கூனில் இருப்பவர்களுக்குச் சின்னதில்லை. எக்ஸ்எஃப்சிஈ ஓடுவது ஜிடிகே3 என்ற மென்பொருள் நூலகத்தின் மேல், அது க்னோம் மெஷினில் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் இறங்க வேண்டியது குறைவு. பிளாஸ்மா என்றால் க்யூடி, அதைச் சேர்ந்த நூலகங்கள் என்று பெரிய கூட்டமே வரும்; போடுவதானால் கேடிஈ-ஃபுல் பக்கம் போகாமல் கேடிஈ-பிளாஸ்மா-டெஸ்க்டாப் என்ற சிறிய தொகுப்போடு நில்லுங்கள். எதைப் போட்டாலும் முதலில் இறக்க மட்டும் செய்துவிட்டு, பேட்டரி நிறைந்திருக்கும்போது நிறுவுங்கள். இறங்கும்போது கரண்ட் போனால் ஏப்டி (டெபியனில் தொகுப்புகளை இறக்கும் கருவி) விட்ட இடத்திலிருந்து தொடரும். பாதி நிறுவியிருக்கும்போது மெஷினே அணைந்துபோனால்தான் நிறுவும் கருவியான டிபிகேஜியைக் கூப்பிட்டு மிச்சத்தைச் சரிசெய்ய வேண்டிவரும்.

இனி எனக்கு முடிவைத் தந்த விஷயம், தட்டச்சு. நம்மில் பலர் ஒரே நாளில் தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றையும் அடிக்கிறவர்கள். க்னோமில் ஐபஸ் (தட்டுவதை அந்தந்த மொழி எழுத்தாக மாற்றும் உள்ளீட்டு முறை நிரல்) உள்ளேயே கலந்திருக்கிறது, மொழிக்கான தொகுப்பு இருந்தால் அமைப்புகளில் அதைச் சேர்ப்பதோடு வேலை முடிந்தது. வேறு டெஸ்க்டாப்புக்குப் போனதும் அந்த வசதி கூடவே வராது.

எக்ஸ்எஃப்சிஈயின் விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ் லேஅவுட் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிற்காதீர்கள். அது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று அனுப்புவதோடு சரி. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. நடுவில் புள்ளியையும் கடைசியில் காலையும் போடுவது உள்ளீட்டு முறையின் வேலை. அதற்கு ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பு வேண்டும். எந்த உள்ளீட்டு முறை என்று குறித்துவைக்கும் ஐஎம்-கான்ஃபிக்கில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து, ஐபஸின் விருப்பங்களில் தமிழ்99ஐயும் பர்மிய விசைப்பலகையையும் சேர்த்துவிட்டால் அதோடு தீர்ந்தது. சூப்பரும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும், எந்த மொழியில் இருக்கிறோம் என்று பேனலில் தெரியும். எக்ஸ்எஃப்சிஈ இன்னும் திரையில் வரையும் பழைய முறையான எக்ஸ்11இல்தான் ஓடுகிறது (அதற்குப் பதிலாக வந்த வேலேண்ட் 4.20இல் சோதனை நிலையில் இருக்கிறது), அதனால் பல வருடமாக எல்லோரும் செய்துவரும் அதே முறை அப்படியே பலிக்கிறது. இதில் எனக்குப் பெரிய நிம்மதி, க்னோமுக்குத் திரும்பிப் போனாலும் அங்கேயும் அதே ஐபஸ்தான், ஒன்றை ஒன்று கெடுப்பதில்லை.

பிளாஸ்மா 6 இயல்பாகவே வேலேண்டில் திறக்கும். அங்கே உள்ளீட்டு முறையை சிஸ்டம் அமைப்புகளில், விசைப்பலகைக்குக் கீழே, 'மெய்நிகர் விசைப்பலகை' என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பெயரைப் பார்த்து யாருக்கும் இது தமிழ் அடிப்பதற்கான இடம் என்று தோன்றாது. அதில் பெரும்பாலோர் வைப்பது ஃபிசிடிக்ஸ் 5, ஐபஸைப் போன்ற இன்னொரு நிரல். தம்பியின் லேப்டாப்பில் அது நன்றாகவே வேலை செய்கிறது, அவனிடம் க்னோம் கிடையாது. க்னோமும் பிளாஸ்மாவும் ஒரே பயனர் கணக்கில் இருந்தால்தான் சிக்கல். ஐஎம்-கான்ஃபிக் எழுதிவைப்பது அந்தப் பயனருக்கு, டெஸ்க்டாப்புக்கு அல்ல. பிளாஸ்மாவுக்காக ஃபிசிடிக்ஸை வைத்தால், ஐபஸை எதிர்பார்க்கும் க்னோமிலும் அந்த மாற்றம் எட்டிப்பார்க்கும். ஐபஸும் இப்போது பிளாஸ்மா வேலேண்டில் ஓடும். அதை நான் வைத்துப் பார்த்ததில்லை.

ஸாஜியில் (யூனிகோடு அல்லாத பழைய பர்மிய எழுத்துரு முறை) அடித்த பழைய கோப்புகள் குழம்பித் தெரிவது இரண்டிலும் ஒன்றுதான். 2019 அக்டோபர் 1 முதல் பர்மா அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறிவிட்டது, மிச்சம் கிடக்கும் கோப்புகளை மாற்றிக்கொள்வது நம் கையில்தான்.

பராமரிப்பில் இன்னும் ஒன்றிரண்டு. பிளாஸ்மாவோடு எஸ்டிடிஎம் வரும், உள்நுழைவுத் திரைக்கு அதுவா க்னோமின் ஜிடிஎம்மா என்று நிறுவும்போது கேட்கும். ஜிடிஎம் என்றே விடுங்கள், பெயரைத் தொட்டதும் கீழே வரும் பல்சக்கரத்தில் எந்த டெஸ்க்டாப் என்று எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்மா பிரீஸ் என்ற தன் தோற்ற அமைப்பை ஜிடிகே அமைப்பிலும் எழுதிவைக்கும், அப்புறம் க்னோம் பக்கம் போனால் சில நிரல்களின் தோற்றம் மாறியிருக்கும். வைஃபை கடவுச்சொல்லுக்கு கேவாலட் (கேடிஈயின் கடவுச்சொல் பெட்டகம்) தனியாகக் கேட்கலாம். எக்ஸ்எஃப்சிஈயில் எனக்கு வந்த தொல்லை, மெனுவில் ஃபைல் மேனேஜரும் டெர்மினலும் இரண்டிரண்டாக நிற்பது மட்டும்தான்.

திரை 4கே என்றாலோ, வேறு வேறு அளவில் இரண்டு திரை மாட்டுவீர்கள் என்றாலோ பிளாஸ்மாவையே எடுங்கள், எழுத்தை 125, 150 சதவீதம் என்று பெரிதாக்குவதில் எக்ஸ்எஃப்சிஈ இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது. அப்படி எடுப்பதானால் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து அதில் முதலில் போய்ப் பாருங்கள். லிப்ரே ஆபிஸ், பயர்பாக்ஸ், டெர்மினல் மூன்றிலும் ஒரு வரி தமிழும் ஒரு வரி பர்மியமும் அடித்துப் பார்த்து, சரியாக விழுந்த பிறகு உங்கள் சொந்தக் கணக்கில் கை வையுங்கள்.